சைக்கிள் ஏறிய டவாலி

கல்லங்குறிச்சி
பார்த்திப வருஷம், ஆவணி 20

தம்பி ராசாங்கத்துக்கு அக்கா ரத்தினம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. பேத்தி பாப்பாத்திக்குப் பல் முளைக்கிற சுரம் வந்து இறங்கிவிட்டது. மற்றபடி இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். உனக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டேன். இப்போது தேவலையா? ஜானகி எப்படி இருக்கிறாள்?

மாசி மாசம் நம் பெருமாள் கோயிலில் பாப்பாத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாகப் பேசியிருக்கிறோம். என் மகள் தனத்துக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. தாய்மாமன் மடி என்றால் அது உன் மடிதான். நீ தொலைவில் இருக்கிறாயே என்று நம் பெரியப்பா மகன் பெரியசாமியண்ணன் பேரை ஒரு பேச்சுக்கு எடுத்தேன். சம்பந்தியம்மாள் பச்சையம்மாள் அரியலூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். வெற்றிலையைக்கூட மெல்லாமல் சொன்னாள்: “அவரு மாமன்தான், இல்லேங்கல. ஆனா காலு விந்தி நடக்குறாரே. அங்கத்துல குறை உள்ளவங்க மடியில எம் பேத்தி உக்காரக் கூடாது. அதுக்கு எந் தம்பி மடி இருக்கு.”

எனக்கு வந்ததே கோபம். “எந் தம்பியப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க சம்பந்தி. பெரம்பலூர்ல சைக்கிள் கடை வச்சிருக்கான். சீர்த்தட்டைக் கட்டிக்கிட்டு சைக்கிள்லயே வந்து இறங்குவான், பாருங்க” என்று சொல்லிவிட்டேன். காதுகுத்துக்கு எந்த மடியோ, அந்தப் பெண் பெரியவளானாலும், கலியாணமானாலும் அந்த மடிதான் முன்னால் நிற்கும். நம் வீட்டு மடியை விட்டுவிடாதே.

பதில் உடனே போடு. மோர் நிறையக் குடி.

உன் அக்கா,
ரத்தினம்மாள்


பெரம்பலூர்
புரட்டாசி 9

அக்காவுக்குத் தம்பி ராசாங்கம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. தலைவலி போய்விட்டது. ஜானகி வழக்கம்போல என்னை ஏசிக்கொண்டு சுகமாக இருக்கிறாள். கையெல்லாம் மசகாக இருப்பதால் நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். அதனால் எழுத்து அழகாக இருக்கும். பயப்படாதே.

பாப்பாத்தி என் மடியில்தான் உட்காருவாள். சைக்கிளிலேயே வருகிறேன். நீ சொன்ன சொல் நான் சொன்ன மாதிரி. பெரியசாமியண்ணனைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் ஜானகியை மறுபடி படிக்கச் சொன்னேன். வேறொன்றுமில்லை.

கடையில் ஒரு வேடிக்கை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கிளி ஒன்று செய்து ஹேண்டில்பாரில் உட்காரவைத்திருக்கிறேன். சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு கம்பி அதன் வாலை இழுக்கும். கிளி தலையை ஆட்டி இறக்கையை அடிக்கும். சிறுவாச்சூர்க் கோயிலுக்கு உருட்டிக்கொண்டு போனேன். அம்மனைக் கும்பிட வந்த கூட்டம் கிளியைக் கும்பிடாத குறை. சைக்கிளை யார் தள்ளுகிறான் என்று ஒருத்தரும் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை அக்கா. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பேத்தியை ஒரு முறை என் பேரால் முத்தமிடு.

ராசாங்கம்


கல்லங்குறிச்சி
புரட்டாசி 30

தம்பிக்கு, உடம்பு பூரணமாக இருக்க வேண்டும் என்று பெருமாளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கும் அக்கா எழுதுவது.

கிளி சமாசாரத்தை ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்களே, அந்தப் படிப்பு உன் கடிதத்தைத் தெருவுக்கு உரக்கப் படித்துக்காட்ட உதவுகிறது. தனம்கூட, “மாமா செஞ்சது பறக்குமாம்மா?” என்று கேட்டாள். பறக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதையும் செய்துவிடு.

ஒன்று கேட்கிறேன். புரட்டாசிச் சனிக்கிழமை வருஷம் தவறாமல் வருவாயே. கூட்டத்தில் ஒவ்வொரு சைக்கிளாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கென்று பிரித்துவைத்த சுண்டல் ஊசிப்போயிற்று. ஏன் வரவில்லை? கடையில் அப்படி என்ன வேலை?

அக்கா


பெரம்பலூர்
கார்த்திகை 4

அக்காவுக்கு வணக்கம். மழையில் நனைந்ததில் ஜானகிக்குச் சளி. எனக்கு ஒன்றுமில்லை. பதில் தாமதம் என்று கோபித்துக்கொள்ளாதே. புரட்டாசியில் வர முடியாமல் செயின் அறுந்துவிட்டது. அப்புறம் மழை.

ஆனால் சும்மா இருக்கவில்லை. தாசில்தார் ஆபீஸில் மார்புக்குக் குறுக்கே பட்டை போட்டுக்கொண்டு, தாசில்தாருக்கு முன்னால் “வெலகு, வெலகு” என்று போவானே டவாலி, அவனைத் தகரத்தில் செய்து ஹேண்டில்பாரில் ஏற்றிவிட்டேன். கிளியைப் பரணில் போட்டாயிற்று. டவாலிக்கு இரண்டு கை. இடது கையில் வெண்கல மணி. வலது கையில் சுத்தி, எதிரே ஒரு தகர மூடி. முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மூங்கில் சிம்பு ஒவ்வொன்று நீட்டிக்கொண்டிருக்கும், கரப்பான் மீசை மாதிரி. சாலையின் இடது ஓரத்துக் கள்ளி வேலி அந்தச் சிம்பை உரசினால் அவனுக்குக் கூச்சம் வந்து மணியை ஆட்டுவான். வலது பக்கம் உரசினால் ‘டக்’கென்று மூடியில் போடுவான். அவன் பேசாமல் வந்தால் சைக்கிள் நடுச்சாலையில் போகிறது என்று அர்த்தம்.

மூஞ்சி எழுதியது ஜானகி. மீசை வைத்திருக்கிறாளாம்.

தனத்துக்கும் மாப்பிள்ளைக்கும் என் விசாரிப்பு.

ராசாங்கம்


கல்லங்குறிச்சி
கார்த்திகை 19

என் தம்பிக்கு அக்கா எழுதுவது. ஜானகியின் சளிக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடு. இங்கே மழையில் சுவர் ஒரு பக்கம் இறங்கியதைத் தவிர யாருக்கும் எதுவும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் உலை கொதிப்பதையும் மறந்து உட்கார்ந்திருந்தேன். தகரத்துக்குக் கூச்சம் வருமா? மணியை எப்போது அடிக்கணும், மூடியை எப்போது தட்டணும் என்று உயிரில்லாத ஒன்றுக்கு நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய். நம் அப்பா கலப்பையை நேராகப் பிடிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தே முடியாமல் போனவர். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பச்சையம்மாளிடம் சொன்னேன். “பொம்மை வருதா, தம்பி வர்றாரா?” என்று கேட்டாள். இரண்டும் வரும் என்றேன்.

அக்கா


கல்லங்குறிச்சி
மார்கழி 3

ஜானகிக்கு அண்ணி எழுதுவது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் பருத்தி வண்டிக்கார அய்யம்பெருமாள் உன் கையிலேயே கொடுப்பார். இதை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

பருத்தி ஏற்ற வந்த அய்யம்பெருமாள் டவாலியை நேரில் பார்த்ததாகச் சொல்லி அதிசயப்பட்டுக்கொண்டே இருந்தார். பேச்சோடு பேச்சாக, “உங்க தம்பிக்கு முன்னாடி நின்னு சிரிச்சேங்க. பேசாமயே போனாரு. ‘என்னங்க ராசாங்கம்’னேன். அப்புறந்தான் ‘யாரு, அய்யம்பெருமாளா’ன்னு திரும்புனாரு. வேலை நெனப்பு” என்றார். அவருக்கு அது வேலை நினைப்பு. எனக்கு அப்படிப் படவில்லை.

சாலையோரம் எங்கே இருக்கிறது என்று பொம்மை மணியடித்துச் சொல்ல வேண்டுமென்றால், ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு ஜானகி? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். உள்ளதை எழுது.

உன் அண்ணி


பெரம்பலூர்
மார்கழி 14

அண்ணி அவர்களுக்கு ஜானகி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் சுகத்துக்கு இங்கே தினமும் வேண்டுகிறோம்.

நீங்கள் நினைத்தது சரி. இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிழல் மாதிரி தெரிகிறது, முகம் தெரியவில்லை. சாலை வெள்ளையாக ஓடுகிறது என்கிறார். ஆடியிலிருந்தே அப்படித்தான். திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். புரை நன்றாக முற்றட்டும், கோடையில் வா, அறுத்துவிடலாம், பார்வை வரும் என்றார். அதுவரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

பெரியசாமி அண்ணனைப் பற்றி எழுதினீர்களே, அன்றிலிருந்துதான் இந்த டவாலி. “கோடை வரைக்கும் காதுகுத்து காத்திருக்குமா? குறை உள்ளவன்னு என்னத் தள்ளிட்டா அக்கா தல குனிஞ்சிரும். வண்டியில எறங்குனா எல்லாரும் எம் மூஞ்சியப் பாப்பாங்க. சைக்கிள்ல போனா பொம்மையத்தான் பாப்பாங்க” என்கிறார். கையால் தடவித் தடவியே தகரத்தை வெட்டுகிறார் அண்ணி. ஒரு கம்பியை எடுத்து விரலில் உருட்டினால் எங்கே வளைக்க வேண்டும் என்று அதற்கே தெரிகிற மாதிரி வளைகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு அழுகை வருவதில்லை. வாயைத்தான் பொத்திக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜானகி


பெரம்பலூர்
தை 6

அக்காவுக்குத் தம்பியின் கும்பிடு. பொங்கலுக்கு இங்கே பால் கிழக்கே பொங்கியது, உனக்கும் அப்படியே பொங்கியிருக்கும். இரண்டு பேரும் சுகம்.

டவாலிக்கு இன்னொரு வேலை கொடுத்திருக்கிறேன். சைக்கிளுக்கு முன்னால் ஒரு மூங்கிலை நீட்டி, அதன் நுனியில் சின்ன மர உருளை தரையோடு உருண்டு வருகிறது. உருளை பள்ளத்தில் இறங்கினால் டவாலி இடுப்பை வளைத்துக் கும்பிடு போடுவான். அவன் குனிகிற இழுப்பில் பிரேக் பிடித்துக்கொள்ளும். ரஞ்சன்குடிக் கோட்டையில் வைத்துச் சோதித்தேன். அகழிப் பக்கமாக விட்டேன். அகழியைக் கண்டதும் நவாப்புக்குப் போடுகிற மாதிரி ஒரு கும்பிடு போட்டு நிறுத்திவிட்டான் அக்கா! நான் செய்ததுதான், ஆனால் நான் செய்த மாதிரி இல்லை.

(நான் பின்னாலேயே ஓடினேன். - ஜா.)

அய்யம்பெருமாள் வண்டியில் ஜானகியும் சீரும் வருகிறார்கள். டயர் கிடைக்காத காலம் என்பதால் அரியலூர் வரை சைக்கிளையும் வண்டியிலேயே ஏற்றிக்கொள்கிறேன். அங்கிருந்து உன் ஊருக்கு ஏறி வருவேன். வண்டி பின்னால் வரும். ஒரு சந்தேகம். அரியலூர்ப் பக்கம் வேலி நன்றாக இருக்கும். உன் ஊருக்கு முன்னால் கடைசி மைல் வெட்டவெளிக் கரிசலாக இருக்குமே, இன்னமும் அப்படித்தானா? இல்லை, வேலி ஏதும் போட்டிருக்கிறார்களா? சும்மா கேட்டேன்.

ராசாங்கம்


கல்லங்குறிச்சி
தை 22

தம்பி ராசாங்கத்துக்கு அக்கா ஆசி சொல்லி எழுதுவது. பாப்பாத்தி சுவரைப் பிடித்து நடக்கிறாள். மற்றபடி எல்லோரும் சுகமே.

நவாப்புக்குக் கும்பிடு போட்டவனை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோய்க் கோயில் பக்கம் பார்த்துக் கையெடுத்தேன். எதற்கென்று கேட்காதே.

வேலியா? வேலி ஏது. பொட்டல் பொட்டலாகத்தான் கிடக்கிறது. ஆனால் இந்த வருஷம் சோளம் நன்றாக விளைந்து தட்டை ஆள் உயரம் நிற்கிறது. மாமன் சீர் வருகிற வழிக்குத் தோரணம் கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மாவிலைக்கு நான் எங்கே போவேன்? சோளத்தட்டையைத்தான் அந்த ஒரு மைலுக்கும் வழியின் இரண்டு பக்கமும் நெருக்கமாக நட்டு வைக்கப்போகிறேன். ஊரில் சிலர் சிரித்தார்கள். கம்பத்தை நட்டுப் பெருமாளாகக் கும்பிடுகிற ஊரில் நான் தட்டை நட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். மறுநாள் சிரித்தவர்களே கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாப்பாத்திக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும், டவாலியின் மீசைச் சிம்பு எவ்வளவு நீளம் என்று ஜானகி அளந்து எழுதட்டும்.

பச்சையம்மாள் வந்து பார்த்துவிட்டு, “இதென்ன சம்பந்தி, ராசா வர்றாரா?” என்றாள். “தாய்மாமன் வர்றான்” என்றேன்.

அக்கா


பெரம்பலூர்
மாசி 2

அண்ணிக்கு வணக்கம். எல்லோரும் சுகம். நீங்கள் கேட்ட மீசைச் சிம்பு ஒரு பக்கத்துக்கு ஒரு முழம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தோரண சமாசாரத்தைப் படித்ததும் எழுந்து போய்க் கடைக் கதவைத் திறந்து மூடினார். “அக்காவுக்கு வேற வேல இல்ல” என்று எழுதச் சொல்கிறார்.

ஜானகி


கல்லங்குறிச்சி
மாசி 28

என் ராசாவுக்கு அக்கா எழுதுவது. வீடு போய்ச் சேர்ந்ததும் அசதி தீரத் தூங்கினாயா? இங்கே வந்த சனம் கலைந்து, பாத்திரம் கழுவி, இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ சைக்கிள் மேலே கவனமாக வந்தாய். சுற்றிலும் நடந்ததைப் பார்க்க உனக்கு எங்கே நேரம்? அதனால் சொல்கிறேன்.

நாங்கள் கோயில் முன்னால் நின்றிருந்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தட்டை வரிசைக்கு நடுவே புழுதி மட்டும் எழும்பியது. அப்புறம் மணி கேட்டது. கொஞ்சம் பொறுத்து ‘டக்’. திரும்ப மணி. கூட்டம் சத்தத்தை நிறுத்திவிட்டது. அந்தப் புழுதிக்குள்ளேயிருந்து வெயில் பட்டுத் தகதகவென்று டவாலி வந்தான் பார், சிவப்புப் பட்டையும் முறுக்கு மீசையுமாக! வலது தட்டை உரசினால் மூடியைத் தட்டுவான், நீ இடது பக்கம் ஒடிப்பாய். இடது உரசினால் மணியடிப்பான், நீ வலது பக்கம் வருவாய். பொம்மையும் ஆளும் பேசிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. ஆடு மேய்க்கிற வெள்ளைச்சாமி தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டான், சாமி ஊர்வலத்துக்கு எடுக்கிற மாதிரி. ஒருத்தரும் அவனைக் கேலி பேசவில்லை. கோயில் வாசல்படி முன்னால் இருக்கிற வாய்க்கால் பள்ளத்தைக் கண்டதும் டவாலி குனிந்து கும்பிட்டு வண்டியை நிறுத்தினானே, அப்போது பொம்பளைகள் எல்லோரும் ஒரே குரலில் குலவை போட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பத்தர் காது குத்தும்போது பாப்பாத்தி அழவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் அழ எங்கே நேரம்? நிமிர்ந்து உன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அகலமாக, நம் அம்மா கண் மாதிரி. கீழ்வரிசையில் இரண்டு பல். மொட்டைத் தலையில் சந்தனம். இடது கன்னத்தில் சின்னக் குழி விழுகிறது, உனக்கு விழுகிற அதே இடத்தில். இதையெல்லாம் நான் மறந்துவிடக் கூடாது என்று எழுதிவைக்கிறேன்.

மாமனுக்குப் பதில் மரியாதை செய்கிற தாம்பாளத்தைப் பச்சையம்மாள் உன் பக்கம் நீட்டினாள். உன் கை வேறு பக்கம் போயிற்று. அவள் உன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் தாம்பாளத்தைக் கீழே வைத்து, உன் இரண்டு கையையும் பிடித்து அதன் விளிம்பில் தானே வைத்து, “வாங்கிக்குங்க தம்பி” என்றாள். அவள் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஊருக்குப் புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தட்டை நடுறதுன்னு முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சம்பந்தி. எங்க களத்துல எவ்வளவு கெடந்துச்சு” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. புழுதி பட்டிருக்கும்.

ஜானகியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பெரம்பலூர்
பங்குனி 15

அக்காவுக்குத் தம்பி கும்பிட்டு எழுதிக்கொண்டது. உன் கடிதத்தை ஜானகி தினமும் ஒருமுறை படிக்கிறாள். கன்னத்துக் குழி வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்வேன்.

தோரணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோயில் வளைவுக்கு முன்னால் இடது பக்கம் கொஞ்ச தூரம் தட்டை சாய்ந்து கிடந்தது. அங்கே டவாலிக்கு உரச ஒன்றும் கிடைக்காமல் ஊமையாகிவிட்டான். அந்த இடத்தில் மட்டும், “நேரா வாடா, நேரா வாடா” என்று ஒரு குரல் முனகிக்கொண்டே கூட ஓடி வந்தது. கூட்டத்தோடு கோயில் முன்னால் நின்றதாக எழுதியிருக்கிறாய். உன் குரல் எனக்குத் தெரியாதா அக்கா?

சித்திரை பிறந்ததும் திருச்சிக்குப் போகிறோம். பயப்படாதே, நல்லபடியாக முடியும் என்கிறார்கள். கட்டு அவிழ்த்ததும் முதலில் பாப்பாத்தியைப் பார்க்க வேண்டும். தூக்கிக்கொண்டு வந்துவிடு. அப்புறம் டவாலியையும் காட்டச் சொல்லியிருக்கிறேன். ஊரே பார்த்தது. நான்தான் இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ராசாங்கம்